பூம்பாவையும் பத்து மில்லி பாட்டிலும்

அடையாறில் தரைத்தள ஃபிளாட்டில் குடியிருப்பதில் இரண்டு சௌகரியங்கள் உண்டு. ஒன்று, லிஃப்ட் ரிப்பேர் பற்றிக் கவலை இல்லை. இரண்டு, மழைக்காலத்தில் விருந்தாளிகளுக்குப் பஞ்சமில்லை. தவளை, பூரான், மரவட்டை என்று எல்லோரும் காலிங் பெல் அடிக்காமல் உரிமையோடு வருவார்கள்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு வந்தவர் கொஞ்சம் நீளமானவர்.

பாத்ரூம் லைட்டைப் போட்டேன். வாளிக்குப் பின்னால், சுவரோரமாக, ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பாக ஏதோ கிடந்தது. உடம்பின் குறுக்கே வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள்.

"என்னங்க, கீஸர் போட்டாச்சா?" என்று மனைவி கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல நாக்கு எழவில்லை. கதவைச் சாத்தினேன். கதவிடுக்கில் துண்டைத் திணித்தேன். அப்புறம் நேராகப் போய் டைனிங் டேபிள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

'சரியான பயந்தாங்கொள்ளி!' என்று நீங்கள் முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. அந்த வெள்ளைக் கோடுகளுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வனத்துறைக்குப் போன் போட்டோம். முக்கால் மணி நேரத்தில் ஓர் இளைஞர் பைக்கில் வந்து இறங்கினார். கையில் ஒரு கொக்கிக் கம்பி, ஒரு துணிப்பை, ஒரு டார்ச். அவ்வளவுதான். உள்ளே போனவர், நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டார்.

"சார், டேபிளை விட்டு இறங்குங்க. இது கட்டுவிரியன் இல்ல. வெள்ளிக்கோல் வரையன். பல்லி பிடிக்க வந்திருக்கு. நமக்கு ஒண்ணும் ஆகாது."

"அதெப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"கோட்டைப் பாருங்க சார். இதுக்குக் கழுத்துலயே கோடு ஆரம்பிச்சிடும். வால் பக்கம் போகப் போக மங்கிடும். கட்டுவிரியனுக்கு நேர் எதிர். தலைக்கிட்ட கோடு இருக்காது, வால் பக்கம் பளிச்சுனு இருக்கும்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "ஆனா நீங்க குனிஞ்சு கோடு எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. தள்ளி நின்னு எங்களைக் கூப்பிடுங்க."

மறுநாள் தி.நகர் ஆபீஸில் விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம். லஞ்ச் டயத்தில் ஆளுக்கொரு பாம்பு நிபுணர் முளைத்துவிட்டார்கள்.

"பால் வெச்சா தானா போயிடும் சார்" என்றார் அக்கவுன்ட்ஸ். (போகாது. பாம்புக்குப் பால் உணவே அல்ல. தாகத்தில் தவிக்க விட்டால் எதையோ குடிப்பது போல அதையும் குடிக்கும்.)

"அடிச்சுட்டா ஜோடி தேடி வந்து பழி வாங்கும்" என்றார் டெஸ்பாட்ச். (நம் சினிமாவில் மட்டும்.)

"சாரையும் நல்லதும் பின்னிக்கிட்டு ஆடுறதை நானே பார்த்திருக்கேன்" என்றார் மானேஜர். (பார்த்தது இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தமாக இருக்கும். மானேஜரிடம் சொல்லவில்லை. இன்க்ரிமென்ட் சமயம்.)

"எது எப்படியோ, தி.நகருக்கு மட்டும் பாம்பு வராது. ரங்கநாதன் தெருவுல அது உடம்பை வைக்க இடம் ஏது?" என்று ஒருவர் முடித்து வைத்தார். இது ஒன்றுதான் அன்று சொல்லப்பட்டதில் ஆதாரமுள்ள கருத்து.

அடையாறு விஷயம் வேறு. ஒரு பக்கம் ஆறு. அதன் கரையில் மரமடர்ந்த தியசாபிகல் சொசைட்டி. இன்னொரு பக்கம் கவர்னர் மாளிகை, ஐ.ஐ.டி., சுமார் 270 ஹெக்டேரில் கிண்டி தேசியப் பூங்கா. 1959-ல் ஐ.ஐ.டி. வந்ததே அந்தக் காட்டின் ஒரு பகுதியை வெட்டித்தான். மான் இருக்கிற இடத்தில் பாம்பு இருக்காதா? வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று நாம் அலறுகிறோம். காட்டுக்குள் ஃபிளாட் வந்துவிட்டது என்று பாம்பு யாரிடம் போய்ச் சொல்லும்?

* * *

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரிலிருந்து சம்மன் வந்தது. மாமியார்.

"பாம்பு வீட்டுக்குள்ள வர்றது லேசுப்பட்ட விஷயமில்ல மாப்பிள்ளை. கபாலி கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்துடுவோம்."

மாமியாருடன் தர்க்கம் செய்த மாப்பிள்ளைகள் யாரும் இதுவரை ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. போனேன்.

கபாலீஸ்வரர் கோயிலில் பூம்பாவைக்கு ஒரு தனிச் சன்னதி உண்டு. எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் நின்றேன். யோசித்துப் பார்த்தால், மயிலாப்பூரில் பதிவான முதல் பாம்புக்கடி கேஸ் இந்தப் பெண்தான்!

பெரியபுராணம் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிவநேசர் என்ற வணிகரின் ஒரே மகள். பூப்பறிக்கப் போன சிறுமியைப் பாம்பு தீண்டுகிறது. விஷத்தை இறக்குபவர்களுக்குத் தன் செல்வத்தையெல்லாம் தருவதாக அப்பா அறிவிக்கிறார். யார் யாரோ வருகிறார்கள். பலிக்கவில்லை. தகனம் செய்து, சாம்பலையும் எலும்பையும் ஒரு குடத்தில் போட்டு வைத்துக் காத்திருக்கிறார். வருஷங்கள் கழித்துத் திருஞானசம்பந்தர் வந்து பதிகம் பாட, குடத்திலிருந்து பெண் எழுந்து வருகிறாள். பங்குனி உற்சவத்தில், அறுபத்துமூவர் அன்று காலையில் இதை இன்றைக்கும் நடத்திக் காட்டுகிறார்கள்.

என் கண்ணில் பட்டது அதிசயம் அல்ல. அந்த அப்பாதான். பணம் இருக்கிறது, வைத்தியர்கள் இருக்கிறார்கள், மந்திரம் இருக்கிறது. மருந்துதான் இல்லை.

சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டு. பாம்புக்கடிக்கு உண்மையான மருந்து வந்ததோ 1890-களில். நடுவில் பன்னிரண்டு நூற்றாண்டு! அத்தனை காலமும் நம் ஊரில் எத்தனை அப்பாக்கள் குடத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்?

அங்கிருந்தே மனைவி, பையன் சகிதம் ஆட்டோ பிடித்துக் கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போனேன். மாமியார் வர மறுத்துவிட்டார். "பரிகாரம் பண்ணிட்டு நேரா அதுங்க வீட்டுக்கே போறீங்களே மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

* * *

சிறுவர் பூங்காவை ஒட்டி இருக்கிறது பாம்புப் பண்ணை. ராமுலஸ் விட்டேகர் என்ற அமெரிக்காவில் பிறந்த மனிதர் 1972-ல் இங்கே தொடங்கியது. பாம்பைக் கண்டால் கம்பைத் தேடுகிற ஊரில், டிக்கெட் வாங்கிக்கொண்டு க்யூவில் நின்று பாம்பு பார்க்க வைத்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருப்பவர்கள் நம்மை லட்சியம் செய்வதே இல்லை. பையன்கள் கண்ணாடியைத் தட்டுகிறார்கள், அப்பாக்கள் தட்டாதே என்கிறார்கள், பிறகு அப்பாக்களே ஒரு தடவை தட்டிப் பார்க்கிறார்கள். பாம்பு அசைவதில்லை. கவர்ன்மென்ட் கௌன்ட்டர் தோற்றது.

இந்தியாவில் முந்நூறு வகைப் பாம்புகளுக்கு மேல் உண்டு. பெரும்பாலானவை சாது. கடித்துச் சாகடிப்பதில் பெரும்பங்கு நாலு பேருக்குத்தான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதில் கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் 'ரஸ்ஸல்' என்று பெயர். கம்பெனி காலத்தில் சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளைச் சேகரித்து, 1796-ல் படத்தோடு புத்தகம் போட்ட பாட்ரிக் ரஸ்ஸல் என்ற டாக்டரின் பெயர் அது. நாம் ரோட்டுக்குத் தலைவர் பெயர் வைக்கிற மாதிரி.

விஷம் என்பது என்ன? எச்சில்தான். இரையைச் சாய்க்கவும் செரிக்கவும் பாம்புக்கு வாய்த்த விசேஷ எச்சில். அது வேலை செய்கிற விதத்தை ஆபீஸ் பாஷையில் சொன்னால் நமக்குச் சுலபமாகப் புரியும்.

மூளை ஹெட் ஆபீஸ். தசைகள் பிராஞ்ச் ஆபீஸ். 'மூச்சு விடு', 'இமையைத் திற' என்று ஹெட் ஆபீஸ் ஓயாமல் சர்க்குலர் அனுப்புகிறது. நரம்பின் முனையிலிருந்து தசைக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற பியூனின் பெயர் அசிட்டைல்கோலின். நல்ல பாம்பின் விஷம் என்ன செய்கிறது? பிராஞ்சில் அந்தப் பியூன் வந்து உட்கார வேண்டிய நாற்காலியில் தான் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சர்க்குலர் வந்தும் பிரயோஜனமில்லை. கட்டுவிரியன் இன்னும் மோசம். அது டெஸ்பாட்ச் செக்‌ஷனையே கொளுத்திவிடுகிறது. நரம்பு முனையே சேதமாகிறது. முதலில் இமை சரியும். பிறகு பேச்சு குழறும், விழுங்க முடியாது. கடைசியில் மூச்சு.

கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் வேறு டிபார்ட்மென்ட். ரத்தம். காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைப்பதற்கென்று உடம்பு சில புரதங்களைச் சேமித்து வைத்திருக்கிறது. இந்த விஷம் உள்ளே போய், தேவையே இல்லாமல் அவற்றையெல்லாம் ஒரே மூச்சில் செலவழிக்கிறது. ஒண்ணாம் தேதி சம்பளத்தை அன்று மாலையே பாண்டிபஜாரில் தீர்த்துவிட்டு வருகிற மாதிரி. அதன் பிறகு பல் ஈறில் கசிந்தாலும் நிறுத்த ரத்தத்தில் சரக்கு இல்லை. கண்ணாடி விரியன் கூடவே சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில் செய்கிற சோதனை அதிசயமான எளிமை. கழுவி உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம். இருபது நிமிஷம் ஆட்டாமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் தண்ணீராய் ஓடினால், மருந்தை ஏற்று!

கட்டுவிரியன் கண்ணாடிக்கு முன்னால்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன். "அப்பா, நம்ம பாத்ரூம்ல வந்தது இதுவா?" என்றான் பையன். இல்லை என்றேன். "அப்போ ஏன் இதையே பார்க்கறே?"

* * *

1988. நான் ஆறாம் வகுப்பு. திண்டிவனம் பக்கத்தில் எங்கள் கிராமம். மழைக்காலம். சித்தப்பா கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம்.

விடியற்காலை மூன்று மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாட்டி ஓமத் தண்ணீர் கொடுத்தாள். ராத்திரி சாப்பிட்ட மொச்சைதான் காரணம் என்று எல்லோரும் ஏகமனதாகத் தீர்மானித்தோம். நாலரைக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை என்றார். தூக்கக் கலக்கம் என்றார்கள். ஐந்து மணிக்கு நாக்கு குழறியது. அப்போதுதான் பாயைச் சுருட்டினார்கள். கறுப்பாக, வெள்ளைக் கோடுகளுடன் அடியில் சுருண்டிருந்தது.

கட்டுவிரியன் பல் சின்னது. கடித்த இடம் வீங்காது, பெரிதாக வலிக்காது, பல் தடம்கூடச் சரியாகத் தெரியாது. தூக்கத்தில் கடிபட்டவருக்கு முதல் அறிகுறியே பெரும்பாலும் வயிற்றுவலிதான். இது இன்று எனக்குத் தெரியும். அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பக்கத்து ஊர் மந்திரவாதியிடம் தூக்கிப் போனார்கள். வேப்பிலை, விபூதி என்று ஒன்றரை மணி நேரம். "முகம் தெளிஞ்சிட்டுது பார்" என்றார் மந்திரவாதி. தெளியவில்லை. முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை, அவ்வளவுதான். பிறகு ஒரு வாடகை வேன் பிடித்து டவுனுக்குப் போகிற வழியில் மூச்சு நின்றது.

பல வருஷங்கள் கழித்து ஒரு டாக்டர் நண்பர் எனக்குச் சொன்னது இது: "கட்டுவிரியன் கடியில நினைவு சீக்கிரம் போகாது. கண் திறக்க முடியாது, பேச முடியாது. ஆனா நீங்க பேசினது அவருக்குக் கேட்டிருக்கும். அந்த நேரத்துல ஒரு குழாயைப் போட்டு மூச்சை மட்டும் ஓட்டியிருந்தா, நரம்பு மெதுவா தன்னைச் சரி பண்ணிக்கிட்டிருக்கும். எழுந்து நடந்து வீட்டுக்குப் போயிருப்பார்."

வேனில் சித்தப்பாவின் கை என் பாட்டியின் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது. யாரோ விடுவித்தார்கள். அவருக்குக் கேட்டிருக்கும் என்பதை நான் சித்தியிடம் இதுவரை சொல்லவில்லை.

* * *

பாம்புப் பண்ணையிலிருந்து கிளம்பினால் கொஞ்ச தூரத்தில் அதே கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட். 1899-ல் ஆரம்பித்தது. நம் ஊரின் தடுப்பூசித் தொழிற்சாலையாக இருந்தது. ஒரு காலத்தில் பாம்புக்கடி மருந்தும் இங்கே தயாரானது. குதிரை ரேஸுக்குக் கிண்டி பிரசித்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். உயிர் காக்கவும் குதிரைதான் ஓடுகிறது என்பது பலருக்குத் தெரியாது.

ஆரம்பித்து வைத்தவர் ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு டாக்டர். 1891-ல் சைகோனில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளம். வீடுகளுக்குள் நல்ல பாம்புகள் ஏறிப் பலரைக் கடித்தன. (2015 டிசம்பரில் அடையாறு ஆறு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.) அதிலிருந்து பிறந்தது அவருடைய ஆராய்ச்சி. குதிரைக்கு விஷத்தைத் துளித்துளியாகக் கொடுத்து, அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். குதிரையின் ரத்தம் எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். அந்த ரத்தத்தின் தெளிவிலிருந்து மருந்து. இன்றைக்கும் அடிப்படை அதேதான். இந்தியாவில் நாலு பாம்புகளுக்கும் சேர்த்து ஒரே மருந்து. பத்து மில்லி பாட்டில். பெரும்பாலும் எட்டு முதல் பத்து பாட்டிலில் தொடங்குகிறார்கள். குழந்தைக்கும் அதே அளவு. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே!

குதிரைக்குக் கொடுக்க விஷம் வேண்டுமே, அது எங்கிருந்து வருகிறது? அடுத்த ஞாயிறு ஈ.சி.ஆரில் வடநெம்மேலி போனோம். முதலைப் பண்ணை வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் உருவானது. அதற்கு முன் இருளர்களில் பலருக்குப் பிழைப்பு பாம்புத் தோல். 1972 வனவிலங்குச் சட்டம், 1976-ல் தோல் ஏற்றுமதித் தடை... இரண்டும் வந்ததும் அடுப்பு அணைந்தது. விட்டேகரும் சேர்ந்து யோசித்ததில் வழி பிறந்தது: தோலை உரிக்காதே, விஷத்தை எடு, பாம்பை விட்டுவிடு.

வரிசையாய் மண்பானைகள். வாயில் துணி கட்டி, சிலேட்டில் எழுதின மாதிரி விவரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு. அர்ச்சனைக்கு வைத்த கலசங்கள் மாதிரி அமைதி. ஒருவர் கொக்கியால் கண்ணாடி விரியனை எடுத்து, தலையைப் பிடித்து, கண்ணாடிக் குவளையின் விளிம்பில் கடிக்க வைத்தார். தேன் நிறத்தில் சில துளிகள். அவ்வளவுதான். வாரம் ஒரு தரம், மூன்று நாலு வாரம். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் போட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நம் நாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிற விஷத்தில் பெரும்பகுதி இந்தக் குவளைகளிலிருந்துதான்.

"பயமா இருக்காதா?" என்று கேட்டேன்.

"பயம் இருக்கணும் சார். இல்லாதவன்தான் கடி வாங்குவான்."

இந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அந்த ஊர்க்காரர்களால் பிடிக்க முடியாத மலைப்பாம்புகளை ஒரு மாதத்துக்குள் இரண்டு டஜனுக்கு மேல் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

ஒரு குறையும் உண்டு. தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தில் தயாரான மருந்து, வடக்கிலோ மேற்கிலோ உள்ள பாம்புக்கு அதே வேகத்தில் வேலை செய்வதில்லை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரே ஜாதிப் பாம்பானாலும் ஊருக்கு ஊர் விஷம் மாறுகிறது, சாம்பார் மாதிரி. ஊருக்கேற்ற மருந்து வர வேண்டும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்பது ஒரு பெரிய ஆய்வின் கணக்கு. வருஷத்துக்கு சராசரி 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். எங்கள் சித்தப்பா மாதிரி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமலே போனவர்களை ரிஜிஸ்டரில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இனிமேலாவது எண்ணிக்கை சரியாக வரட்டும்.

ஊருக்குப் போகிறபோது உங்களுக்கு உதவும் என்பதால் நாலு வரி. கடித்த இடத்தைக் கீறாதீர்கள். உறிஞ்சாதீர்கள். கயிறு போட்டு இறுக்காதீர்கள். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டாம். மோதிரம், வளையல், வாட்ச்சைக் கழற்றுங்கள். கையோ காலோ, எலும்பு முறிந்ததற்குச் சிம்பு வைப்பது போல அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். மழைக்கால விடியலில், தரையில் படுத்திருந்தவர் வயிற்றுவலி என்று எழுந்து, இமை சரிந்தால்... ஓமத் தண்ணீர் வேண்டாம். ஓடுங்கள்.

போன மாதம் கிராமத்துக்கு இரண்டு கொசுவலையும் ஒரு டார்ச்சும் அனுப்பினேன். பாய்க்கடியில் வலையைச் செருகிப் படுத்தால் கட்டுவிரியன் உள்ளே வராது.

சித்தி போன் பண்ணினாள்.

"எதுக்குடா இதெல்லாம்? இங்க கொசு அவ்வளவா இல்லையே."

"கொசுவுக்கு இல்ல சித்தி. பாம்புக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நாலு பக்கமும் செருகணுமாடா?" என்று கேட்டாள்.

"ஆமா சித்தி. நாலு பக்கமும்."